துப்பும் சலிப்பும்

தமிழில் துப்பறியும் கதை உண்டா என்றால் ஆயிரக்கணக்கில் உண்டு என்பார்கள். அவற்றில் துப்பு உண்டா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். துப்பறிகிறவர் உண்டு, அவருக்கு ஒரு உதவியாளர், ஒரு பழக்கம், ஒரு கார் உண்டு. பிணமும் உண்டு. பிணத்திலிருந்து கொலைகாரனுக்குப் போகும் வழி மட்டும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து, நமக்கு இதுவரை காட்டாத ஒரு கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார். அல்லது கொலைகாரனே தாங்க முடியாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். 'துப்பில்லாதவன்' என்பதற்குத் தமிழில் திறமையற்றவன் என்று பொருள். நம் கதைகளை வைத்துப் பார்த்தால் அந்தப் பிரயோகம் சரியாகவே இருக்கிறது.

எங்கள் வட்டத்தில் இந்த வகை எழுத்தைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைவு. பஸ் ஸ்டாண்டில் வாங்கி, இறங்கும் இடத்தில் தூக்கிப் போடுகிற சரக்கு என்று ஒதுக்கிவிட்டு உருவம், பிரக்ஞை என்று பேசப் போய்விடுவோம். ஆனால் உருவத்தின் நிர்ப்பந்தம் துப்பறியும் கதையில் இருப்பதைப்போல் வேறெங்கும் அப்பட்டமாக இல்லை. ஒரு வரியை எடுத்தால் கதை செத்துப் போகும் என்று நிரூபித்துக் காட்டக்கூடிய ஒரே உரைநடை வடிவம் அது. நான் அந்த நிரூபணத்தைச் செய்து பார்த்தவன். கத்தரியைப் பிடித்திருந்தது என் கை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருக்கிறது.

ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் மூவரும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் இந்த வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரணியாரின் ஆனந்தசிங், ஷெர்லக் ஹோம்ஸின் தமிழ்ப் பிரதி. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. அவருடைய துப்பறிகிறவர் கோவிந்தன். வடுவூராருக்குத் திகம்பர சாமியார். இவர்களை வெறும் தழுவல்காரர்கள் என்று தள்ளுவது சுலபம். தழுவல் அல்ல பிரச்னை. லண்டன் தெருவைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவரும்போது மனிதர்களுக்கு வேறு பெயர் வைக்கலாம், வேறு உடை உடுத்தலாம். தடயத்தை அப்படி மாற்ற முடியாது என்பதுதான் பிரச்னை. ஹோம்ஸ் ஒருவனுடைய பூட்ஸிலுள்ள மண்ணைப் பார்த்து அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்கிறார். அந்த மண் லண்டன் மண். செருப்பில்லாமல் நடக்கிற ஊருக்கு அது பொருந்தாது. அதற்குச் சமமான உள்ளூர்த் தகவலைத் தேடி எழுதியிருக்க வேண்டும். பல இடங்களில் தேடவில்லை. மண்ணை விட்டுவிட்டு 'மகா மேதாவியான' துப்பறிகிறவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தடயம் போன இடத்தில் மேதாவித்தனம் வந்து உட்கார்ந்தது. இன்றுவரை அது எழுந்திருக்கவில்லை.

அடுத்து வந்தது பத்திரிகை. தேவனின் சாம்பு, 1942இல் ஆனந்த விகடனில், இந்த மேதாவித்தனத்தையே கேலி செய்தார். அசட்டு சாம்பு அதிர்ஷ்டத்தால் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிப்பே அதிர்ஷ்டம்தான் என்ற ரகசியத்தைத் தேவன் புரிந்துகொண்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். தமிழ்வாணன் 'கல்கண்டு' பத்திரிகைக்கு ஆசிரியர், சங்கர்லாலுக்கும் ஆசிரியர். எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே ஆள். சங்கர்லால் தேநீர் குடித்தால் போதும், விடை வந்துவிடும். ஏன் வந்தது என்று கேட்க இடையில் ஒருவருமில்லை. பிறகு வந்த மாத நாவல்களில் எடிட்டிங் என்பது பெரும்பாலும் பக்க எண்ணிக்கை. தொண்ணூற்றாறு பக்கம் என்றால் ஆறு பதினாறு. கதை அங்கே முடிந்தாக வேண்டும். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமாரோ, பட்டுக்கோட்டை பிரபாகரோ, சுபாவோ உழைப்பிலும் வேகத்திலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. மாதக் கெடுவுக்குள் அத்தனை திருப்பங்கள் யோசிப்பது லேசான வேலையும் அல்ல. ஆனால் அந்தச் சட்டகம் ஒரு விஷயத்தை மட்டும் அனுமதிக்காது: சலிப்பை.

விதிவிலக்காக உடனே நினைவுக்கு வருவது சுஜாதா. 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. கணேஷ் அறிமுகமானது அதில்தான். விசாரணைக்கு நடுவே ஒரு பெண்ணின் டைரிப் பக்கங்களை அவர் செருகிக்கொண்டு போனார். கதையை நிறுத்துவதுபோல் தோன்றும் அந்தப் பக்கங்கள்தான் கதை. ஒரு வாரப் பத்திரிகை அதை அனுமதித்தது ஆசிரியர் குழுவின் தைரியம் என்றே சொல்ல வேண்டும். அந்த தைரியம் பரவவில்லை. பின்னால் வந்தவர்கள் சுஜாதாவிடமிருந்து வசந்தின் ஜோக்கை எடுத்துக்கொண்டார்கள்.

சலிப்பு என்று நான் எதைச் சொல்கிறேன்? என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம். நான் பாங்கில் குமாஸ்தா. ராயபுரத்திலிருந்து வடக்கே எண்ணூர் போகும் பாதையில் ஒரு கிளை. சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை, 900 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவன் முதலில் அந்தத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பான். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகிப்பான். 5,400 என்பது 4,500 ஆகியிருக்கலாம். திருட்டு இல்லை, கைத்தவறு. ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறது. மானேஜர் பார்க்கிறார், வாட்ச்மேன் பார்க்கிறார். ஆனால் வருஷக்கணக்காக அந்தச் சலிப்பான வேலையைச் செய்தவனுக்கு மட்டும் அது பேசுகிறது. துப்பு என்பது இதுதான். அது ஒளித்து வைக்கப்பட்ட பொருள் அல்ல; எல்லோரும் பார்க்கிற, ஒருவன் மட்டும் படிக்கத் தெரிந்த பொருள். அதைப் படிக்க வாசகனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிற பக்கங்களில் கதை நின்றமாதிரி இருக்கும். அந்த நிற்றலைத்தான் சலிப்பு என்கிறேன்.

இந்தக் கடற்கரைப் பகுதியில் நடந்த ஒரு நிஜக் கொலையைப் பார்க்கலாம். 1952 ஆகஸ்டில் கொழும்புக்குப் போகும் போட் மெயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். தலை சில நாட்களில் ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. அவர் சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்தவர். கொலை நடந்த வீடு ராயபுரம் கல்லறைச் சாலையில். விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர், ஆங்கிலத்தில் நாவலும் நாடகமும் எழுதியவர். ஒரு கதைக்காரர் முன்னால் இப்படி ஒரு கதை வந்து விழுந்தது. கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம் தண்டனை.

மெட்ராஸ் முழுக்க அந்த வழக்கைப் பற்றித்தான் பேச்சு. பேசப்பட்டதெல்லாம் பெட்டி, தலை, பழைய காதல். ஆனால் வழக்கை நிறுத்தியது அவையல்ல. உடலும் தலையும் ஒரே ஆளுடையவைதான் என்று மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டர் கழுத்தெலும்பைப் பொருத்திப் பார்த்துச் சொன்னது. காது மடலில் இருந்த துளை. மேதாவித்தனம் எங்கேயும் இல்லை. பொறுமை இருந்தது. இந்த வழக்கு கதையாகவும் படமாகவும் பல தடவை சொல்லப்பட்டிருக்கிறது. நான் பார்த்தவற்றில் பெட்டி வந்தது, தலை வந்தது. அந்த டாக்டரின் மேஜை, அவர் அங்கே செலவிட்ட மணிநேரங்கள், வரவில்லை.

ரேமண்ட் சாண்ட்லர் 1948இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொல்கிறார். மலிவுப் பத்திரிகைகளுக்கு எழுதும்போது, சம்பவத்தை நகர்த்தாத வரிகளை ஆசிரியர்கள் வெட்டிவிடுவார்களாம், வாசகனுக்கு அது வேண்டாம் என்று. வாசகனே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், ஆனால் அது தவறு என்கிறார் சாண்ட்லர். சாகப் போகிற ஒருவன் வழவழப்பான மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுக்க முயல்கிறான், அது நழுவிக்கொண்டே இருக்கிறது. வாசகன் மனதில் தங்குவது சாவு அல்ல, அந்தக் கிளிப். இதை மறுக்க முடியாது. ஆனாலும் சாண்ட்லர் காப்பாற்ற நினைத்தது ஒரு மனநிலையை, ஒரு கவிதைத் தருணத்தை. நான் காப்பாற்றச் சொல்வது அதைவிட வறட்டுத்தனமானது. தகவலை. வேலை எப்படி நடக்கிறது என்ற தகவலை.

இனி என் விஷயம்.

காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு நண்பர் கிளைக்கு வருவார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும், நடுவில் ஒரு மணல் துண்டு, அதுதான் காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் மாற்றப்பட்ட குப்பத்தைச் சேர்ந்த குடும்பம் அவருடையது. 2013 முதல் அங்கே கண்டெய்னர் துறைமுகம். நண்பருக்குத் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு எடை மேடையில் வேலை. முப்பது வயதுக்குள் இருக்கும். மாத நாவல்களாகப் படித்துத் தள்ளியவர். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி, ஒரு நாள் நூற்றிருபது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "கிரைம் கதைதான் சார். பாத்துட்டு எது வேணுமோ வெட்டிக்கங்க" என்றார்.

கதை இது. எடை மேடையில் இரவு ஷிப்டு பார்க்கிறவன் ஒரு காலையில் கால்வாயில் பிணமாக மிதக்கிறான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று முடித்துவிடுகிறார்கள். அவனுக்குப் பதிலாக வருகிறவன்தான் கண்டுபிடிக்கிறான். பின்னணியில் செம்மரக் கடத்தல். ஆந்திர மலைகளிலிருந்து வெட்டிய செம்மரம், வேறு சரக்கு என்ற பெயரில் கண்டெய்னருக்குள் போகிறது. பத்திரிகை படிக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. செய்திகளில் அதிகம் வராத நுணுக்கம் ஒன்று நோட்டில் இருந்தது. கிடங்கில் நியாயமான சரக்கை ஏற்றி சீல் வைத்துவிடுகிறார்கள். வழியில் சீலை உடைக்காமல் சரக்கை மாற்றுகிறார்கள். கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, திறந்து, மாற்றி, புது ரிவெட் அடித்துப் பெயிண்ட் பூசிவிடுவது. சீல் நம்பர் அப்படியே இருக்கும்.

எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய முதல் துப்பறியும் கதையே பூட்டிய அறைக் கதைதான். ஜன்னலில் அடித்த ஆணி முழு ஆணியாகத் தெரியும், உள்ளே முறிந்திருக்கும். ஆங்கில இலக்கியம் படித்து பி.ஏ. வாங்கிய எனக்கு அந்த ஆணி தெரியும். காட்டுப்பள்ளிச் சாலையில் பூட்டிய அறைகள் டிரெய்லரில் ஏறி வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதும், அந்த ஆணி இன்று ஒரு ரிவெட்டாகியிருக்கிறது என்பதும் போவைப் படிக்காத ஒருவர் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது.

நோட்டில் முப்பது பக்கம் போல எடை மேடை வந்தது. டிரெய்லர் எப்படி ஏறி நிற்கும், டிரைவர் இறங்கினாரா இல்லையா, காலி வண்டியின் எடை எங்கே பதிவாகும், மழை பெய்தால் தார்ப்பாய் எவ்வளவு கூடுதல் காட்டும், டீசல் குறைந்தால் எவ்வளவு குறையும், ஒரு மேடைக்கும் இன்னொரு மேடைக்கும் ஏன் கொஞ்சமாவது வித்தியாசம் வரும். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகளாவிய கடல் விதி வந்ததும், எடை சீட்டுக்கு ஏறிய மதிப்பும். எனக்குத் தூக்கம் வந்தது. நான் சிறுபத்திரிகைக்காரன், இறுக்கம் என்பது என் மதம். முப்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். கதை கால்வாயில் மிதக்கும் பிணத்தோடு ஆரம்பித்தது. அருமையான முதல் வரி கிடைத்தது. அதை எழுதியவன் நான்.

வெட்டிய பிறகு ஒரு சங்கடம். கதாநாயகன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது விளங்கவில்லை. அவன் இரண்டு எடை சீட்டுகளைப் பார்க்கிறான், முகம் மாறுகிறது, அவ்வளவுதான் நோட்டில் இருந்தது. இது போதாது என்று நினைத்து ஒரு வாக்குமூலத்தை நானே எழுதிச் சேர்த்தேன். கடத்தல்காரனின் ஆள் ஒருவன் மனம் திருந்தி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஆம், இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நான் கேலி செய்த அதே வாக்குமூலம். எங்கள் வட்டத்தில் ஆறேழு பேர் சேர்ந்து போட்ட ஒரு தொகுப்பில் அது வந்தது. நூறு பிரதி. இரண்டு பேர் நன்றாயிருக்கிறது என்று கடிதம் போட்டார்கள்.

நண்பர் புத்தகத்தோடு கிளைக்கு வந்தார். கவுண்டரில் கூட்டம் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "சார், ரெண்டு சீட்டும் ஒரே வெயிட்டு சார். கிலோகூட மாறல. அப்படி வராது சார். டீசல் எறங்கியிருக்கும்ல?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மேடைகள், நடுவே பல கிலோமீட்டர், எரிந்துபோன டீசல். எடை அச்சாக ஒன்றாக இருக்க முடியாது. இரண்டாவது சீட்டு வண்டியை நிறுத்தி எடுத்ததல்ல, முதல் சீட்டைப் பார்த்து எழுதியது. அதை எழுத மறுத்தவன்தான் கால்வாயில் மிதந்தான். கதையின் துப்பு ஒரு வித்தியாசம் அல்ல, வித்தியாசம் இல்லாமை. ஒன்பதால் வகுத்துப் பார்க்கத் தெரிந்த எனக்கு அது பிடிபட்டிருக்க வேண்டும். முப்பது பக்கத்தில் அவர் அதை எனக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். நான் தூங்கிப் போனேன்.

"அந்த சீட்டுதான் சார் கொலையே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

இதிலிருந்து தகவல்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தகவலைக் கொட்டினால் அது கையேடு. ரோனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றின் சாரம், துப்பறிகிறவனுக்குத் தெரிந்த தடயம் வாசகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது. எழுதுகிறவனுக்கு அது நல்ல விதி. திருத்துகிறவனுக்கு அதிலிருந்து ஒரு கேள்வி கிடைக்கிறது: இந்தப் பத்தியை எடுத்தால், முடிவில் எதையாவது யாராவது வாய்விட்டு விளக்க வேண்டிவருமா? வரும் என்றால் எடுக்காதே. வராது என்றால் எடுத்துவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும். நண்பரின் நோட்டில் தார்ப்பாயையும் மழையையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். டீசலைத் தொட்டிருக்கக் கூடாது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் இதைக் கேட்கிற எடிட்டர் நம் மாத நாவலிலும் அபூர்வம், சிறுபத்திரிகையிலும் அபூர்வம். அவர்கள் வேகத்துக்காக வெட்டினார்கள். நாம் இறுக்கத்துக்காக வெட்டினோம். இரண்டு கத்தரியும் வெட்டியது ஒரே இடத்தை: ஒருவன் செய்கிற வேலையை.

இது வெறும் உத்திப் பிரச்னையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அதை அள்ளினார்கள். இந்தக் 'கதையில்' யார் என்ற கேள்வியே இல்லை. கப்பல்களின் பெயர்கள் முதல் நாளே தெரியும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எவ்வளவு கொட்டியது, எத்தனை மணிக்கு யாருக்குத் தெரிந்தது, எந்தப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள். இந்தப் பகுதியில் குற்றம் கத்தியோடு வருவது குறைவு. அது ஒரு சீட்டில், ஒரு கையெழுத்தில், சரிபார்க்காமல் சரி என்று எழுதிய ஒரு எண்ணில் நடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எடை மேடையிலும் கவுண்டரிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுத வரும்போது, விறுவிறுப்பு இல்லை என்று அந்தப் பக்கங்களை நாம் கிழித்துவிட்டால், குற்றம் நடந்ததற்கான சாட்சியத்தை அழிக்கிற வேலையில் நாமும் பங்கு வாங்கியவர்களாகிறோம்.

நல்லவேளை, நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. வெட்டிய பக்கங்களின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடுதான் போட்டிருந்தேன், அடியில் எழுத்து தெரிகிறது. என் வாக்குமூலத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களை நானே பிரதியெடுத்து முடித்திருக்கிறேன். டீசல் வரும் இடத்தில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அடுத்த முறை அவர் பாஸ்புக் என்ட்ரி போட வரும்போது கொடுக்க வேண்டும். மூன்று மாதமாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே காட்டுப்பள்ளிக்குப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன்.